கொழுந்தை நிறுக்கும் தராசுக்குக் காயம் தெரியாதா?

“அது அவங்க வீட்டுச் சண்டை டீச்சர். அதுல தோட்டம் எப்படித் தலையிடுறது?”

ஒரு தோட்டத்து ஆபிஸில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் என்னிடம் சொன்ன வார்த்தை இது. தோட்டத்தின் பெயரையோ அவர் பெயரையோ எழுதப் போவதில்லை. எழுதினால், “அது அந்தத் தோட்டத்துக் கதை, நம்ம தோட்டத்துல அப்படி இல்ல” என்று மற்ற எல்லாரும் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள்.

நடந்தது இதுதான். தரம் 6 இல் படிக்கும் ஒரு பிள்ளை நான்கு நாள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் நான் லயத்துக்குப் போனேன். பிள்ளை அடுப்படியில் நின்று ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தது. தாய் கையில் கட்டோடு திண்ணையில் இருந்தார். இருபது வருடமாகக் கொழுந்தெடுக்கும் கை. சம்பள நாள் இரவு, புருஷன் விறகுக் கட்டையால் அடித்ததில் முன்கை எலும்பு உடைந்திருந்தது. தோட்டத்து டிஸ்பென்சரித் துண்டில் “வழுக்கி விழுந்தது” என்று எழுதியிருந்தார்கள். அந்தத் துண்டோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போய் மாக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மாதர் தலைவி, அந்த அக்கா, நான் மூவரும் ஆபிஸுக்குப் போனோம். மூன்று விஷயம் கேட்டோம். கை ஆறும் வரைக்கும் பிள்ளைக்காம்பராவிலோ நாற்றுமேடையிலோ ஒரு லேசான வேலை. அவர் பிள்ளைகளோடு இருக்க, பூட்டிக் கிடக்கிற ஒரு காம்பரா. அவருடைய சம்பளம் அவர் கையிலேயே போய்ச் சேர வேண்டும் என்பது மூன்றாவது. அதற்குக் கிடைத்த பதிலைத்தான் முதல் வரியில் எழுதினேன்.

வேலை கிடைக்கவில்லை. காம்பராவும் கிடைக்கவில்லை, காம்பரா புருஷன் பேரில் பதிவாகி இருக்கிறதாம், ஒரு குடும்பத்துக்கு இரண்டு கொடுக்க முடியாதாம். அந்த அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறொரு தோட்டத்தில் இருக்கிற தமக்கை வீட்டுக்குப் போனார். கட்டைப் பிரித்ததும் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்விட்டார். பிள்ளையின் விடுகைப் பத்திரத்தை நிரப்பியவள் நான். “காரணம்” என்ற இடத்தில் “குடும்பம் இடம் மாறியமை” என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான், டிஸ்பென்சரிக்காரர் எழுதியதற்கும் நான் எழுதியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று உறைத்தது.

அதனால்தான் இந்தக் கட்டுரை. சம்பளப் பிரச்சினை நடக்கிற நேரத்தில் இதை எழுத வேண்டுமா என்று நம் சங்கத்திலேயே மூத்த தோழர்கள் இரண்டொருவர் கேட்டார்கள். சம்பளப் பிரச்சினை எப்போது நடக்காமல் இருந்தது? நான் பிறந்ததிலிருந்து நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்போது அந்த “வீட்டுச் சண்டை” என்ற வார்த்தையை எடுத்துக்கொள்வோம். யாருடைய வீடு?

லயத்துக் காம்பராவுக்குப் பின்னால் ஒரு கோழிக்கூடு கட்ட வேண்டுமா? ஆபிஸில் கேட்க வேண்டும். குசினியை இரண்டு அடி நீட்ட வேண்டுமா, குளிக்க ஒரு மறைப்புக் கட்ட வேண்டுமா, கூரைத் தகரத்தை மாற்ற வேண்டுமா? துரைக்குக் கடிதம் எழுத வேண்டும். அனுமதி இல்லாமல் கட்டினால் அடுத்த நாளே வாச்சர் வந்து நிற்பார், அதற்கடுத்த நாள் நோட்டீஸ் வரும். வீட்டில் வேலை செய்கிறவர்கள் யாரும் தோட்டத்தில் பேர் போடவில்லை என்றால் “காம்பராவைத் திருப்பிக் கொடு” என்று கேட்ட தோட்டங்களும் உண்டு. நம் வீட்டு வாசலில் நாம் நட்ட வாழையை வெட்டுவதற்கும்கூட யாரையோ கேட்க வேண்டிய நிலையில்தான் இருக்கிறோம். அப்போதெல்லாம் அது கம்பனியின் சொத்து, கம்பனியின் காணி. அந்தக் காம்பராவுக்குள்ளே ஒரு பெண்ணின் கை உடைகிறபோது மட்டும் அது திடீரென்று “அவங்க வீடு” ஆகிவிடுகிறது!

1992 இல் அரசாங்கம் தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது தேயிலைச் செடியை மட்டும் பிரித்து எடுத்துக் கொடுக்கவில்லை. லயம், பிள்ளைக்காம்பரா, டிஸ்பென்சரி, ரோட்டு, குடிதண்ணீர்ப் பீலி எல்லாம் சேர்த்துத்தான் போனது. வேறு பெரும்பாலான தொழில்களில் முதலாளி, தொழிலாளி தூங்குகிற இடத்தையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பதில்லை. கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை செய்கிற பெண் புருஷனை விட்டுப் பிரிந்தால் வாடகைக்கு ஓர் அறை தேடிக்கொள்ளலாம். தோட்டத்தில் பிரிந்தால் போக ஓர் இடம் இல்லை, ஏனென்றால் இருக்கிற எல்லா இடமும் ஒரே முதலாளியுடையது. 10 க்கு 12 அடிக் காம்பராவில், அடித்தவனும் அடிபட்டவளும் பிள்ளைகளும் ஒரே பாயில் படுத்து எழும்ப வேண்டியிருப்பதற்குக் காரணம் அந்தக் குடும்பம் மட்டும்தானா?

இது என் தனிப்பட்ட நியாயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2019 இல் ஜெனீவாவில் சர்வதேச தொழில் அமைப்பு 190 ஆம் இலக்க சமவாயத்தை நிறைவேற்றியது. வேலை உலகில் வன்முறையையும் தொந்தரவையும் ஒழிப்பதற்கான சமவாயம் அது. வேலைத்தலம் என்றால் என்ன என்று அதிலே விரித்துச் சொல்லியிருக்கிறார்கள். வேலை செய்கிற இடம், சம்பளம் வாங்குகிற இடம், சாப்பிடுகிற இடம், மலசலகூடம், வேலைக்குப் போய்வருகிற பாதை. அதோடு இன்னொன்றும் இருக்கிறது: முதலாளி கொடுத்த தங்குமிடம். அதை எழுதியவர்கள் நம் லயத்தைப் பார்த்து எழுதினார்களோ என்று தோன்றும். அதுமட்டுமல்ல, வீட்டு வன்முறை வேலையையும் பாதிக்கிறது என்பதை ஏற்றுக்கொண்டு அந்தப் பாதிப்பைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதோடு வந்த 206 ஆம் இலக்கப் பரிந்துரையில், பாதிக்கப்பட்டவருக்கு லீவு, வேலை நேரத்தில் விட்டுக்கொடுப்பு, வேலையை விட்டு நிறுத்தாமல் பாதுகாப்பு என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் மூவரும் ஆபிஸில் போய்க் கேட்டது அதைத்தான். அந்த அக்காவுக்கு ஜெனீவா எங்கே இருக்கிறது என்று தெரியாது. தனக்கு என்ன தேவை என்று தெரிந்திருந்தது.

அடுத்தது சம்பளம்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் என்பது தோட்டங்களில் 1984 வரைக்கும் கிடையாது. போராடித்தான் வாங்கினோம். வாங்கிய சம்பளம் யார் கைக்குப் போகிறது என்று நாம் அதற்குப் பிறகு எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்? சம்பள நாளில் பெண் மலையில் நிற்கிறார். புருஷனோ தகப்பனோ மகனோ போய் அவருடைய சம்பளத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வருகிறார். வருகிற வழியில் தவறணை. வங்கியில் போடுகிற தோட்டங்களிலும் அட்டை அவர் சட்டைப் பையில்தான். இடையில் அட்வான்ஸ் என்று மனைவியின் கணக்கில் புருஷன் வாங்கியது கழிந்து, சம்பளத் துண்டில் மிஞ்சுவதைப் பார்த்துப் பெண் கேள்வி கேட்டால், அன்று இரவுதான் அடி விழுகிறது. எங்கள் பிரிவில் மாதர் தலைவிமாரிடம் விசாரித்துப் பாருங்கள், மாதத்தில் எந்த நாட்களில் லயத்தில் சத்தம் அதிகம் என்று. அவர்கள் காலண்டரைப் பார்க்காமலே சொல்வார்கள்.

இதை நிறுத்த கம்பனிக்கு ஒரு சதம் செலவில்லை. உழைத்தவரின் சம்பளம் உழைத்தவர் கையில் அல்லது அவர் பேரில் உள்ள கணக்கில். அவருடைய கையெழுத்து இல்லாமல் அவர் கணக்கில் எவருக்கும் அட்வான்ஸ் இல்லை. இவ்வளவுதான். ஒரு கிலோ கொழுந்து குறைந்தால் யாருடைய பேரில் குறைந்தது என்று துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்கிற செக்ரோலுக்கு, காசு கொடுக்கும்போது மட்டும் புருஷன் யார், பெண்சாதி யார் என்று குழப்பம் வருவது எப்படி?

இனி மலைக்குப் போவோம். இங்கே “வீட்டுச் சண்டை” என்ற சாக்கும் கிடையாது.

கொழுந்தெடுக்கிற பெண்ணின் அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிப்பது யார்? எந்த நிரை என்று காட்டுகிற கங்காணி. நல்ல கொழுந்து நிற்கிற நிரையும் இருக்கிறது, முற்றிப்போய் மானா வளர்ந்து கிடக்கிற நிரையும் இருக்கிறது. தராசில் நிற்கும்போது தண்ணிக்கு என்று, சாக்குக்கு என்று கழிக்கிற கிலோ அவர்கள் கையில். முழுப்பேரா அரைப்பேரா என்பதும் அப்படியே. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பத்து நிமிடம் பிந்தி பெரட்டுக்கு வந்தால் திருப்பி அனுப்புவதா விடுவதா என்பதும் அவர்கள் வாயில். இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். மலையில் நிற்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். எல்லாக் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. மகளைப் போலப் பார்த்துக்கொள்கிற பெரியவர்களை எனக்கே தெரியும். நான் சொல்வது, கெட்டவன் ஒருவன் வந்து சேர்ந்தால் அவன் கையில் என்னென்ன ஆயுதம் இருக்கிறது என்பதைப் பற்றி. இரட்டை அர்த்தத்தில் பேசுவான், கூடையைத் தூக்கிவிடுகிற சாக்கில் தொடுவான். அவள் முறைத்தால் அடுத்த நாள் முற்றின நிரை. அவள் சத்தம் போட்டால் தராசில் மூன்று கிலோ காணாமல் போகும். பார்க்கிறவனுக்கு அது வேலை விஷயம். அனுபவிக்கிறவளுக்குத்தான் தெரியும் அது எதற்கான தண்டனை என்று.

சட்டம் இதற்கு இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, 1995 இல் திருத்தப்பட்டபின், பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியிருக்கிறது. வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவன் சொல்லாலோ செயலாலோ செய்வதையும் அது தனியாக எடுத்துச் சொல்கிறது. 5 வருடம் வரைக்கும் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கங்காணிமார் கூட்டத்தில் எந்தத் துரையாவது இதை வாசித்துக் காட்டியிருக்கிறாரா? குளிகை எப்படி அடிப்பது, கவ்வாத்து எத்தனை அங்குலத்தில் வெட்டுவது என்றெல்லாம் பயிற்சி கொடுக்கிறார்கள்.

“எங்களிடம் கொள்கை இருக்கிறது” என்று கம்பனிகள் சொல்லும். இருக்கிறதுதான். ஸ்டோர் சுவரில் ஒட்டியிருக்கிறது, பல இடங்களில் ஆங்கிலத்தில். தேயிலைப் பெட்டியில் தவளை முத்திரை குத்துகிற ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ்காரர்களின் 2020 ஆம் ஆண்டு விதிமுறைப்படி, சான்றிதழ் வாங்கிய தோட்டம் வேலைத்தல வன்முறையையும் தொந்தரவையும் கண்டறிந்து தீர்ப்பதற்கு ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். உங்கள் தோட்டத்துக்கு அந்த முத்திரை இருந்தால், அதற்குப் பொறுப்பானவர்கள் யார் யார் என்று ஆபிஸில் கேளுங்கள். அதில் கொழுந்தெடுக்கிற பெண் ஒருவராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். ஓடிட்காரர்கள் வருகிற அன்று மட்டும் புதுத் தொப்பியும் ஏப்ரனும் கொடுத்து, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து நிறுத்துவார்களே, அந்தக் கூட்டத்தில் நின்ற அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும்.

கென்யாவிலும் கொள்கைப் பத்திரம் இருந்தது. அங்கே கெரிச்சோ பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மேற்பார்வையாளர்கள் வேலைக்காகப் பெண்களைப் பாலியல் ரீதியாகப் பயன்படுத்தியதை 2023 பெப்ரவரியில் பி.பி.சி. வெளிக்கொண்டு வந்தது. 70 க்கு மேற்பட்ட பெண்கள் பேசினார்கள். உலகம் முழுக்க அது செய்தியானது, சிலர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். அவர்களும் நம்மைப் போலவே கொழுந்துக்காரிகள், நம்மைப் போலவே தோட்டத்து வீட்டில் இருக்கிறவர்கள். வருடக்கணக்காக அது நடந்துகொண்டிருந்தபோது அங்கேயும் முறைப்பாட்டுப் பெட்டி எங்கேயோ ஒரு சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். நம் தோட்டங்களில் அந்தப் பெட்டியை எங்கே மாட்டுகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? ஆபிஸ் வாசலில். கிளாக்கர்மார் நால்வர் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெண் போய்க் கடதாசி போட வேண்டும். எழுதத் தெரியாதவர் இன்னொருவரிடம் சொல்லி எழுதுவிக்க வேண்டும். பெட்டித் திறப்பு யார் கையில்? சொல்லத் தேவையில்லை.

மலசலகூடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது எழுதக் கூச்சமான விஷயம் என்றாலும். மலையில் மலசலகூடம் இல்லாததால் பெண்கள் செடிக்குள்ளே மறைவு தேடிப் போகிறார்கள், அல்லது தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொள்கிறார்கள். தனியாக ஒதுங்குகிற இடம்தான் ஆபத்தான இடமும். பின்னேரம் கடைசி நிறுவை பிந்தினால், மழை நாளில் இருட்டில் காட்டோரப் பாதையில் நடக்க வேண்டும். தோட்டத்து லொறி கொழுந்தை ஏற்றிக்கொண்டு போகிறது. கொழுந்தை எடுத்தவர்கள் நடக்கிறார்கள்.

இங்கே சிலர் சொல்வார்கள், எல்லாவற்றுக்கும் குடிதான் காரணம், கசிப்பை ஒழித்தால் அடி நிற்கும் என்று. கசிப்பை ஒழிக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தவறணையிலிருந்து தள்ளாடி வருகிற அதே ஆள், வழியில் துரையின் வாகனம் வந்தால் ஓரமாக ஒதுங்கித் தொப்பியைக் கழற்றுகிறார். கடைக்காரரிடம் கை ஓங்குவதில்லை. எத்தனை போத்தல் குடித்தாலும் யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக்கூடாது என்பது மட்டும் மறப்பதில்லை. அடித்தால் எதுவும் நடக்காது என்று தெரிந்த இடத்தில்தான் கை விழுகிறது. எதுவும் நடக்காது என்ற அந்த நிச்சயத்தை அவருக்குக் கொடுத்தது யார்? ஆபிஸ் கொடுத்தது. பொலிஸில் “சமாதானமாப் போங்க” என்று திருப்பி அனுப்புகிறவர்கள் கொடுத்தார்கள்.

நாமும் கொடுத்தோம். இதை எழுதாமல் விட்டால் இந்தப் பத்திரிகையில் எழுத எனக்கு அருகதை இல்லை.

வேறொரு தோட்டத்தில், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பிள்ளை கங்காணி ஒருவர் மேல் முறைப்பாடு சொன்னது. கங்காணியும் நம்ம சங்கம், பிள்ளையும் நம்ம சங்கம். நிர்வாகம் விசாரணை வைக்கப் போகிறது என்றதும் நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? கோயிலடியில் கூட்டி, “தங்கச்சியா நெனச்சி மன்னிச்சிரு” என்று முடித்துவைத்தார்கள். “கங்காணி குடும்பஸ்தர், வேலை போனால் பிள்ளைகுட்டிகள் என்ன செய்யும்” என்று நமது கடிதத் தலைப்பில் ஒரு கடிதம் ஆபிஸுக்குப் போனது. அந்தப் பிள்ளைக்காக எந்தக் கடிதமும் போகவில்லை. அவர் இன்னும் கங்காணி. அந்தப் பிள்ளையை வேறு டிவிஷனுக்கு மாற்றினார்கள். இப்போது அது தினமும் மூன்று மைல் நடக்கிறது. சந்தா மட்டும் இருவரிடமும் ஒரே மாதிரிக் கழிகிறது.

அங்கத்தவரின் வேலையைக் காப்பாற்றுவது சங்கத்தின் கடமை என்று தலைவர்மார் சொல்வார்கள். சரி. நியாயமான விசாரணை அவருக்கும் வேண்டும், பொய் முறைப்பாட்டில் ஒருவர் வயிற்றில் அடிக்கக்கூடாது, இதையெல்லாம் நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விசாரணையே நடக்காமல் தடுப்பது எந்தக் கடமை? இந்தத் தோட்டங்களில் தொழிற்சங்கத்தை விதைத்த காலத்தில், நடேசய்யரோடு மீனாட்சியம்மாளும் லயம் லயமாகப் போய்ப் பாடிப் பேசித்தான் ஆட்களைச் சேர்த்தார். 1930 களில். இன்றைக்கு நம் மாவட்டக் கூட்டங்களில் பெண்கள் எங்கே உட்காருகிறார்கள்? பின்வரிசையில், அல்லது தேத்தண்ணி ஊற்றுகிற மேசையில். சந்தா கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்.

கம்பனிகளிடம் கேட்க வேண்டியவற்றை நாம் ஒரே மூச்சில் கேட்க வேண்டும் என்பதால் இங்கே சேர்த்து எழுதுகிறேன். ஒவ்வொரு தோட்டத்திலும் பூட்டிக் கிடக்கிற குவாட்டர்ஸ் ஒன்று இருக்கும். அதில் ஒன்றைத் திருத்தி, அடிபட்டு ஓடிவருகிற பெண் பிள்ளைகளோடு சில வாரம் இருக்கக்கூடியதாக வைக்கட்டும், திறப்பு மாதர் தலைவியிடம் இருக்கட்டும். காயப்பட்டவர் வேலைக்கு வராத நாட்களுக்குச் சம்பளத்தோடு லீவு. பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் போகிற நாளும் அதில் சேர வேண்டும். டிஸ்பென்சரியில் அடி என்றால் அடி என்று எழுத வேண்டும், அந்தத் துண்டுதான் நாளைக்கு நீதிமன்றத்தில் சாட்சி. ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் இரத்தத்தோடு வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து வாகனம் எழும்ப வேண்டும், எவனுடைய அனுமதிக்கும் காத்திராமல். மலையில் முறைப்பாடு வந்தால் விசாரணை முடியும்வரைக்கும் இடம் மாற வேண்டியவர் முறைப்பாடு செய்யப்பட்டவர். முறைப்பாடு செய்தவரை மாற்றுவது தண்டனை. விசாரிக்கிற குழுவில் பாதி பெண்கள், அதிலும் மலையில் நிற்கிற பெண்கள். பெண் கங்காணிமாரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அங்கொருவர் இங்கொருவர் என்று படம் எடுத்து அறிக்கையில் போடுவதற்காக நியமிப்பது போதாது. காம்பராவைப் பதியும்போதும், காணியோடு தனி வீடு கொடுக்கும்போதும், பத்திரத்தில் இருவர் பெயரும்.

செலவு என்பார்கள். ஆள் இல்லை, ஆள் இல்லை, மலை மலையாகக் கொழுந்து முற்றிப் போகிறது என்று முதலாளிமார் சம்மேளனம் எந்த மேடையில்தான் அழவில்லை? நான் சொன்ன அந்த அக்கா ஒரு நாளைக்கு 25 கிலோ எடுப்பார். அவருக்கு ஆறு வாரம் லேசான வேலையும் ஒரு காம்பராவும் கொடுத்திருந்தால் இன்றைக்கு மலையில் நிற்பார். கணக்குப் பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கட்டும்.

இதற்கிடையில் நம் கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடிபட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை கிடைக்கலாம், விசாரித்தபின் 12 மாதம் வரைக்கும் கட்டளை கொடுக்கலாம். அடித்தவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மட்டுமில்லை, அவள் வேலை செய்கிற இடத்துக்கும் வரக்கூடாது என்று நீதவான் கட்டளையிடலாம். இருவரும் ஒரே மலையில் வேலை செய்கிற தோட்டத்தில் அந்தக் கட்டளையின் பிரதி துரையின் மேசையில் இருந்தாக வேண்டும். கிடைத்ததும் கொண்டுபோய்க் கொடுங்கள், வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அதற்குப் பிறகும் “வீட்டுச் சண்டை” என்று சொன்னால், நீதிமன்றக் கட்டளையை வைத்துக்கொண்டு சொல்கிறார் என்று அர்த்தம்.

அவசரத்துக்குப் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளைகள் விஷயம் என்றால் 1929. பொலிஸ் 119. அரசாங்க ஆஸ்பத்திரிகள் பலவற்றில் “நட்பு நிலையம்” என்று ஒன்று இருக்கிறது, சிங்களத்தில் “மிதுரு பியச” என்பார்கள். காயத்துக்கு மருந்து கட்டப் போகிறபோதே அங்கே போய்ப் பேசலாம். பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். இந்த இலக்கங்களைப் பிள்ளைகளின் கொப்பி அட்டைக்குப் பின்னால் எழுதி அனுப்ப நான் தொடங்கியிருக்கிறேன். வேறு ஆசிரியர்களும் செய்யலாம். சில தகப்பன்மார் வந்து சண்டை பிடிப்பார்கள். என்னிடம் இருவர் வந்தார்கள்.

அடுத்த மாவட்டக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் கொண்டுவருகிறேன். மேலே எழுதிய கோரிக்கைகளை அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கையோடு ஒரே கடிதத்தில் வைக்க வேண்டும், தனிக் கடிதமாக வைத்தால் அது தனியாகவே கிடந்து போகும். இரண்டாவது, பெண் ஒருவர் முறைப்பாடு செய்த விஷயத்தில், மாதர் தலைவியின் கையெழுத்து இல்லாமல் நம் கடிதத் தலைப்பில் ஒரு கடிதமும் போகக்கூடாது. மாதர் தலைவிமார் எல்லாரும் வர வேண்டும். உங்கள் தோட்டத்தில் பூட்டிக் கிடக்கிற குவாட்டர்ஸ் எத்தனை, பெண் கங்காணிமார் எத்தனை பேர், மலையில் மலசலகூடம் எத்தனை என்று எண்ணி ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுத முடியாதவர்கள் மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

அந்த அக்கா கொழும்பிலிருந்து போன கிழமை போன் எடுத்தார். கை குளிர் நேரத்தில் வலிக்கிறதாம். மகள் புதுப் பள்ளிக்கூடத்தில் கணக்கில் நல்ல புள்ளி வாங்கியிருக்கிறாளாம். “டீச்சர், அந்தக் காம்பரா இன்னும் பூட்டித்தான் கெடக்கா?” என்று கேட்டார். பூட்டித்தான் கிடக்கிறது என்று சொன்னேன்.